கைதேர்ந்தவரா, கைகொடுப்பவரா?

இலங்கையின் வடக்கே, கிளிநொச்சிக்குக் கிட்ட, பரந்தன் பக்கம் எங்கள் கராஜ். நெல் வெட்டும் மெசின், லான்ட் மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசின், தண்ணீர்ப் பம்ப், இவைதான் பிழைப்பு. காலபோக நெல் வெட்டுத் தொடங்கினால் இருக்கிற மூன்று பேரோடு சமாளிக்க ஏலாது என்று மார்கழியில் ஒரு மெக்கானிக் தேடினேன். கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள்.

ஒருவர் ஐம்பது தாண்டிய அண்ணை. கையில் ஒரு சான்றிதழும் இல்லை. யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்த கை, அது போதும். மற்றவர் இருபத்துநாலு வயதுத் தம்பி. அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் படித்து, என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமையில் நான்காம் மட்டம் முடித்தவர்.

நேர்முகத்தில் பேசவைத்து ஆளை அளக்க முடியாது. "எல்லாரோடயும் ஒத்துப்போவன்" என்று சொல்லாதவர் யார்? ஆளுக்கொரு நாள் கூலி கொடுத்து வேலையே செய்யவிட்டேன். இருவருக்கும் ஒரே மாதிரிக் கோளாறு: கறுப்புப் புகை தள்ளும், இழுவை இல்லாத டீசல் தண்ணீர்ப் பம்ப்.

அண்ணை கிட்ட வந்து காது கொடுத்தார். "நொசில் ஒழுகுது" என்றார், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் முனையைத்தான். பத்து நிமிடம்தான், சொன்னது சரி. ஆனால் நொசில் அழுத்தம் சரிசெய்யும்போது எங்கள் பொடியன் எட்டிப் பார்த்தான். அண்ணை முதுகைத் திருப்பிக்கொண்டு, "நீ போய் ஒரு பிளேன்ரீ வாங்கியா" என்றார்.

தம்பி காற்று வடிகட்டியில் தொடங்கினார், பிறகு டீசல் வடிகட்டி, கடைசியாகத்தான் நொசில். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனது. ஆனால் கழற்றிய போல்ட்டுகளை ஒரு மட்டைப்பெட்டித் துண்டில் இருந்த ஒழுங்கிலேயே குத்திவைத்தார். எது எங்கே என்று பொடியன் கேட்காமலே விளங்கிக்கொண்டான். ஓரிடத்தில் கை நின்றதும், "அண்ணை, இதைக் கொஞ்சம் பாருங்கோ" என்று எங்கள் பழைய ஆளைக் கூப்பிட்டார்.

வேகத்தில் அண்ணைதான், அதில் பேச்சில்லை. மாசியில் மழை கறுத்துக்கொண்டு நிற்க, வயலில் மெசின் படுத்துவிட்டால் விவசாயிக்கு இரண்டு மணித்தியாலம் சின்ன விஷயம் அல்ல. நான் தனியாளாகக் கராஜ் திறக்கும் நாளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவரைத்தான் எடுத்திருப்பேன்.

ஆனால் அவர் ஒரு செத்தவீட்டுக்குப் போனால் அந்த வேலையும் கூடவே போய்விடும். இன்னொன்று, அந்தத் திறமை முழுக்க அவருடையதுதானா? பேச்சுவாக்கில் பழைய இடத்து லேத்காரரைப் பற்றி மூன்று தரம் சொன்னார், அவர் இருந்தால் எதையும் கடைந்து தருவாராம். ஹார்வர்டில் போரிஸ் குரோய்ஸ்பெர்க் என்றொருவர் பங்குச்சந்தை ஆய்வாளர்களில் கெட்டிக்காரர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். கம்பனி மாறியதும் பலர் சறுக்கினார்கள். சகாக்களையும் கூட்டிக்கொண்டு போனவர்கள் அவ்வளவு சறுக்கவில்லை. பங்குச்சந்தைக்கும் பரந்தனுக்கும் வெகுதூரம்தான், ஆனாலும் அந்த லேத்காரர் என் மனதைவிட்டுப் போகவில்லை.

அதற்காக இனிய சுபாவத்தை மட்டும் நம்பியும் எடுக்கக்கூடாது. முன்பு ஒருவர் இருந்தார், தங்கமான பிள்ளை, வாடிக்கையாளரின் பிள்ளைகளின் பேர் எல்லாம் தெரியும். அவர் பூட்டிய சில்லு முறிகண்டி தாண்டுவதற்குள் ஆடத் தொடங்கியது. தம்பிக்கு வேலை தெரியும், மெதுவாகத் தெரியும், அவ்வளவுதான். கைகொடுப்பவர் என்று நான் சொல்வது சிரித்துப் பேசுவதை அல்ல, தெரியாததைக் கேட்பதையும் தெரிந்ததை மறைக்காததையும்.

சம்பளம் பெரிய வித்தியாசமில்லை. அண்ணை "ஈ.பி.எஃப். வேண்டாம், நாள்கூலியாத் தாங்கோ" என்றார். அந்த ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் முதலாளி 12, தொழிலாளி 8 வீதம் கட்டவேண்டும் என்பது சட்டம். இருவரும் ஒத்துக்கொண்டால் விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல அது.

தம்பியை எடுத்தேன்.

மாசி நடுவில் ஒரு வெட்டு மெசின் எங்களுக்கு மசியவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை தம்பியும் மற்றவர்களும் மாறி மாறிப் பார்த்தார்கள். சொந்தக்காரர் வாசலுக்கும் மெசினுக்குமாக நடந்தார். கடைசியில் அதன் டீசல் அடிக்கும் பம்பையும் நொசில்களையும் கழற்றிக்கொண்டு ரவுனுக்கு வேறொரு கராஜுக்குப் போனோம். அங்கே அண்ணை நின்றார். சிரித்தார், வாங்கி மேசையில் வைத்தார். தம்பி கிட்டப் போய் எட்டிப் பார்த்தார். அண்ணை முதுகைத் திருப்பிக்கொண்டார்.