கடை சாத்தும் நேரத்துப் பாட்டு: மிக்கி கில்லியின் 1976 ஹிட்

பேக்கர் நைட் எழுதி மிக்கி கில்லி பாடிய ‘டோன்ட் த கேர்ல்ஸ் ஆல் கெட் ப்ரெட்டியர் அட் க்ளோசிங் டைம்’ (கடை சாத்தும் நேரத்தில் பெண்களெல்லாம் இன்னும் அழகாகிவிடுகிறார்கள், இல்லையா?) 1976-இல் அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிடும் கன்ட்ரி (நாட்டுப்புற வேர்கொண்ட அமெரிக்க இசை) பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாருக்குத் துணை தேடி வந்த ஒருவன், மணி ஏற ஏற அங்கிருக்கும் பெண்கள் எல்லோரும் அழகாகிக்கொண்டே போகிறார்களே என்று வியக்கிறான். சங்கதி அவ்வளவுதான்.

பாட்டைத் தூக்கி நிறுத்துவது அதிலுள்ள கணக்கு. பத்துக்கு மதிப்பெண் போடுகிறான். தேடுவது ஒன்பது, எட்டு கிடைத்தாலும் சரி. இன்னும் கொஞ்சம் சரக்கு உள்ளே போனால் ஐந்து, நான்குக்கும் இறங்கிவருவான். காதலில் விழுகிறேன் என்று ஓரிடத்திலும் சொல்வதில்லை. எண் இறங்குவதை வைத்தே அவன் தவிப்பும் போதையும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. கேலி முதலில் அவன் மேல்தான் விழுகிறது.

கில்லி இதை நகைச்சுவைப் பாட்டாகப் பாடவில்லை, அதுதான் அழகு. சிரிப்பை அடக்கும் பாவனைகூட இல்லாமல், உண்மையாகவே ஆச்சரியப்படுகிறவன் குரலில் பாடுகிறார். டெக்சஸின் பாசடீனாவில் தன் பெயரிலேயே நடந்த பெரிய நைட் கிளப்பில் இரவுக்கு இரவு வாசித்தவர். பாட்டில் வருகிற மாதிரி ஆட்களை மேடையிலிருந்தே பார்த்திருப்பார். ராக் அண்ட் ரோல் பியானோ கலைஞர் ஜெர்ரி லீ லூயிஸின் உறவுக்காரர் வேறு, பியானோ கையோடு வந்தது.

பாட்டின் தலைப்பையே கேள்வியாக எடுத்துக்கொண்டு ஜேம்ஸ் பென்னிபேக்கர் குழுவினர் 1979-இல் ஓர் உளவியல் ஆய்வை வெளியிட்டார்கள். பார்களில் இரவு 9, 10.30, 12 மணிக்கு அங்கிருந்தவர்களிடம் கேட்டபோது, எதிர்பாலினருக்குத் தந்த மதிப்பெண் நேரம் ஆக ஆகக் கூடியது. தன் பாலினருக்குத் தந்தது அப்படிக் கூடவில்லை. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் மேல் ஈர்ப்பு கூடுகிறது என்பது அவர்கள் தந்த ஒரு விளக்கம்.

ஆண்களைப் பெண்கள் மதிப்பிட்டதிலும் இதே ஏற்றம் தெரிந்தது. பாட்டின் குறையும் இங்கேதான். அதில் பெண்களுக்கு வாயே இல்லை. மறுநாள் காலையில் பக்கத்தில் இருப்பவளுக்கு அவன் ‘ஒன்று’ போடும் இடம் இன்றைக்குக் கேட்கும்போது உறுத்துகிறது. அவனுக்கு அவள் எத்தனை போடுவாள் என்று ஒரு சரணம் இருந்திருக்க வேண்டும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் ‘கில்லீஸ் ஸ்மோக்கிங்’ ஆல்பத்திலுள்ள 1976 பதிவைத் தேடுங்கள். பழைய கன்ட்ரி பாடகர்கள் பலருடைய தொகுப்புகளில் பிற்காலத்து மறுபதிவுகள் கலந்திருக்கும். ஆண்டைப் பார்த்துவிட்டு ஓடவிடுவது நல்லது. மேடையில் வாசிக்கிறவர்கள் பியானோவின் அலங்காரங்களைப் பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் மட்டும் போட வேண்டும். வேகத்தையும் கூட்டக்கூடாது. ஒன்பதிலிருந்து எட்டுக்கு வரும் அந்தச் சிறு தயக்கம் வேகத்தில் நசுங்கிப்போனால், கூட்டம் தாளத்துக்கு ஆடும், சிரிக்காது.