ஸ்பீட்வே: உலகக் கோப்பையா, நேஷன்ஸா?

ஸ்பீட்வே என்றால் மண் தடத்தில் நடக்கும் பைக் பந்தயம்: பிரேக் இல்லாத 500 சிசி பைக், நான்கு பேர், நான்கு சுற்று. நாடுகள் அணியாக மோதும் உலகக் கோப்பை, ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ் என்ற இரண்டு போட்டிகளிலும் இது மாறாது. ஒரு நாட்டின் பலத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

2001-இல் தொடங்கிய ஸ்பீட்வே உலகக் கோப்பையில் ஒவ்வொரு ஓட்டத்திலும் அணிக்கு ஒருவர்தான். அணியில் நான்கைந்து பேர், எல்லோரும் பலமுறை ஓட்ட வேண்டும். ஒருவர் மட்டும் கில்லாடியாக இருந்தால் போதாது. திறமையாளர்கள் குவிந்திருக்கும் போலந்து 2023 வரை 9 முறை வென்றதற்குக் காரணம் இதுதான்.

2018-இல் வந்த ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸில் ஓட்டத்துக்கு இரண்டு இரண்டு பேராக இரு நாடுகள் மோதும். இங்கே 4-3-2-0 என்ற புள்ளிமுறையைக் கொண்டுவந்த பிறகு ஆட்டமே மாறிவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதுமாக வந்தால் 5 புள்ளி. முதலிடமும் கடைசி இடமும் பிடித்தால் வெறும் 4. அதனால் முன்னால் போகிறவர் தன் கூட்டாளி எங்கே என்று திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கூட்டு ஓட்டம் தனி அழகு!

சிறந்த வீரர்கள் ஓரிருவரே உள்ள நாடுகளுக்கும் இதில் வழி உண்டு. 2018 முதல் 2020 வரை ரஷ்யா வென்றது. 2021-இல் மான்செஸ்டரில் பிரிட்டன் வென்றது, 1989-க்குப் பின் அவர்களுக்குக் கிடைத்த முதல் அணிப் பட்டம். 2024 வரை போலந்துக்கு இந்தக் கோப்பை எட்டவேயில்லை.

பரபரப்புக்கு நேஷன்ஸ். ஆனால் உலகின் சிறந்த அணி எது என்று கேட்டால், நான் உலகக் கோப்பையின் முடிவைத்தான் நம்புவேன்.