பியூர் டேட்டா பேட்ச் பண்ணித் தரேன்னு வர்றவங்ககிட்ட காசு குடுக்கறதுக்கு முன்னாடி
பெங்களூர்ல ப்ரோக்ராமுக்கு லைவ் சவுண்டு பண்ற நம்மாளுங்க இருந்தா இதப் படிச்சிட்டுப் போங்க. பியூர் டேட்டான்னா ஸ்க்ரீன்ல ஆப்ஜெக்ட்டுங்கற கட்டங்கள வயர் போட்டு இணைச்சு சவுண்டு உண்டாக்கற சாஃப்ட்வேர், அப்படி இணைச்சு வச்சதுதான் பேட்ச். எனக்கு மொத்தம் 27,000 ரூபா போச்சு.

அல்சூர்ல ஒரு சின்ன ஹால், அக்கா பொண்ணோட டான்ஸ். ஒரு மணி நேரம் தம்புரா சுருதி நிக்காம ஓடணும், அதுக்கு மேல சீனுக்கு சீன் வேற சவுண்டு, 7 சீன். எனக்கு ஆபீஸ் வேலை கழுத்த நெரிச்சதால ஒருத்தர்கிட்ட 18,000 குடுத்து பேட்ச் பண்ணச் சொன்னேன். ரிகர்சல்ல ரெண்டாவது சீனுக்கு மாத்தினதும் சுருதி டப்புனு அறுந்துச்சு, அரை செகண்ட் ஒண்ணுமே இல்ல, திரும்ப டப். பாப்பா தூக்கின கால இறக்காம என்னையே பாக்குறா.

கேட்டா "உங்க லேப்டாப் சவுண்டு கார்டு சரியில்ல சார், வெளிய இன்டர்ஃபேஸ் போடணும்"னு சொல்லி தன்னோட பழசு ஒண்ண 9,000-க்கு என் தலையில கட்டிட்டாரு. மாட்டினேன். அதே டப், இப்ப இன்னும் க்ளியரா.

ராத்திரி நானே பேட்ச திறந்து பாத்தா, ஒவ்வொரு சீனுக்கும் பழசை அழிச்சிட்டு புதுசா லோட் பண்ற மாதிரி வச்சிருக்காரு. பியூர் டேட்டால மெசேஜும் (பட்டன் தட்டறது, லோட் பண்றது மாதிரி கட்டளை) சவுண்டு கணக்கும் ஒரே த்ரெட்லதான், அதாவது ஒண்ணு முடிஞ்சாதான் அடுத்தது. 64 சாம்பிளுக்கு (சவுண்டோட குட்டிக் குட்டி அளவு) ஒரு ரவுண்டு, செகண்டுக்கு 44,100 சாம்பிள்னா அது 1.45 மில்லிசெகண்ட்தான். நடுவுல டிஸ்க்லேர்ந்து ஃபைல எடுத்து ஆப்ஜெக்ட் எல்லாம் உண்டாக்கி டிஎஸ்பி வரிசைய (எந்த ஆப்ஜெக்டோட சவுண்டு கணக்கு முதல்ல, எது அடுத்துங்கறது) முதல்லேர்ந்து அடுக்கச் சொன்னா அது முடியற வரைக்கும் சவுண்டு காத்துக்கிட்டு நிக்கும், தோசை ஊத்தற மாஸ்டரே கல்லாவுலயும் உக்காந்தா எப்படி இருக்கும், அப்படித்தான். இதுக்கு எந்த கார்டு வாங்கி என்ன? செட்டிங்ஸ்ல டிலே ஏத்தினா சின்ன வெட்டு மறையும், ஆனா பட்டன் தட்டினா சவுண்டு லேட்டா வரும்.

நான் சரி பண்ணது இப்படி: 7 சீனையும் ஷோவுக்கு முன்னாடியே லோட் பண்ணி வச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்விட்ச்~ (அந்த சீனோட சவுண்டு கணக்க நிறுத்தி ஓட்டற ஆப்ஜெக்ட்) போட்டு, வேண்டாததுக்கு 0, வேணுங்கறதுக்கு 1. நிறுத்தறதுக்கு முன்னாடி லைன்~ (அளவ படிப்படியா மாத்தற ஆப்ஜெக்ட்) வச்சு ஒரு 30 மில்லிசெகண்ட் ஃபேட், இல்லன்னா அதுவே டிக்குங்கும். பெரிய வேவ் ஃபைல சவுண்ட்ஃபைலர்ல (முழு ஃபைலையும் ஒரேயடியா மெமரில ஏத்தற ஆப்ஜெக்ட்) ஓட்டத்து நடுவுல ஏத்தியிருந்தாரு, அதுவும் அடைக்கும், ரீட்எஸ்எஃப்~க்கு மாத்தினேன், அது தனி த்ரெட்ல படிக்கும். ரெண்டு ராத்திரி வேலை, அவ்ளோதான்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி 440 ஹெர்ட்ஸ்ல ஒரு ஆஸ்~ (நிக்காம ஒரே சுருதி குடுக்கற ஆப்ஜெக்ட்) ஓட விட்டு, ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு, உங்க கண்ணு முன்னாடி சீன் மாத்தச் சொல்லுங்க. அறுந்தா எழுந்து வந்துடுங்க.

காசத் திருப்பிக் கேட்டதுக்கு ப்ளூ டிக் மட்டும் வந்துச்சு. இன்டர்ஃபேஸுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோட்டுல கடைக்காரன் 2,500 தரேங்கறான்.