மலிவு ஓபிடி அடாப்டர்: ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் வாங்கலாமா?

காரின் ஓபிடி சாக்கெட்டில் (பழுது பார்க்கும் இணைப்பு) செருகினால் இன்ஜின் விவரங்களைப் போனில் காட்டும், ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும் ஈஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டரைப் பற்றித்தான் சொல்கிறேன். வாங்கலாம். மேலே வி1.5 என்று போட்டிருந்தால் அது நகல்தான், அசல் சிப்பைச் செய்த கனடா நிறுவனம் அப்படி ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. நகலாக இருந்தாலும் வண்டியின் கணினி பதிந்து வைக்கும் இன்ஜின் பழுதுக் கோடுகளை (code) படிக்க இது போதும்.

என் வண்டி மஸ்டா ஆர்எக்ஸ்-8, 1.3 லிட்டர் ரோட்டரி இன்ஜின், அதாவது பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் ரோட்டர்கள் உள்ளது. டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகி, ஆண்ட்ராய்டு போனில் டார்க் (Torque) ஆப்பைத் திறந்ததும் இணைந்துவிட்டது. ஐபோன்காரர்கள் இந்த வகையை வாங்காதீர்கள், பழைய ப்ளூடூத் அதில் ஓடாது, வைஃபை மாடல் பாருங்கள்.

வந்த கோடு பி0420, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒரு பட்டறையில் இதை மட்டும் பார்த்துவிட்டு கன்வர்ட்டரையே மாற்றச் சொல்லிவிட்டார்கள், அதுவோ கை கடிக்கும் விலை. ஆனால் இன்னும் உறுதியாகாத கோடுகளின் பெண்டிங் பட்டியலில் பி0302-வும் இருந்தது, இரண்டாவது ரோட்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஆர்எக்ஸ்-8-இல் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் நான்கும் அடிக்கடி போகக்கூடியவை. ஒன்று சோர்ந்தாலும் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கன்வர்ட்டருக்குள் எரியும், உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற அமைப்பு உருகி அடைத்துக்கொள்ளும், புகை வெளியேற வழியில்லாமல் அந்தச் சூடெல்லாம் இன்ஜினுக்கே திரும்பும். காயிலை விட்டுவிட்டுப் புது கன்வர்ட்டர் போட்டால் அதுவும் வீண்தான்.

காயில், பிளக் மாற்றினோம். அப்புறம் கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜை ஆப்பில் கிராஃபாகப் பார்த்தேன், முன்பு துள்ளிக்கொண்டிருந்த கிராஃப் இப்போது ஏறக்குறைய நேராக ஓடுகிறது, ஆக கன்வர்ட்டர் பிழைத்துவிட்டது. எனக்கு அடாப்டரின் காசு இந்த ஒரு கிராஃபிலேயே வந்துவிட்டது.

இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் கோடு படிக்கிறேன் என்று ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், கன்வர்ட்டர் அந்த நேரத்திலேயே வெந்துகொண்டிருக்கும், ஓரம் கட்டி நிறுத்துங்கள். எடுத்த எடுப்பில் அழிக்கும் பட்டனைத் தட்டவும் வேண்டாம், கோடு வந்த நேரத்து வேகம், சூடு எல்லாம் பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும்.

குறை என்றால், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளுக்கு இது உதவவில்லை. லைவ் டேட்டா மெதுவாகத்தான் வருகிறது. வண்டியை நிறுத்தினால் கழற்றி வையுங்கள், செருகியபடியே விட்டால் பேட்டரியைக் குடிக்கும். ஐந்துக்கு மூன்றரை.