ஹாட் பாக்ஸா, ஐஸ் பாக்ஸா, இலைக்கட்டா? காரில் சோறு கட்டிக்கொண்டு போவோருக்கு

இரண்டு வருசத்துக்கு முந்தின சித்திரையில் கோபியிலிருந்து திருச்செந்தூருக்குக் கிளம்பினோம். விடியற்காலை நாலரைக்கு வண்டி எடுத்தாயிற்று. பெரியவர்கள் நாலு பேர், வாண்டுகள் இரண்டு. பெரிய ஹாட் பாக்ஸில் அரிசிம்பருப்புச் சாதம், தூக்குப்போசியில் தேங்காய்ச் சட்னி, இன்னொன்றில் தயிர். தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் போய் ஒரு புளியமரத்தடியில் காலைச் சாப்பாடு. சுடச்சுட நெய் விட்டுச் சாப்பிட்டோம், ஒரு குறையும் இல்லை. மீதிப் பாதியை அப்படியே மூடி வைத்தேன்.

மதுரையில் மீனாட்சியம்மனைப் பார்த்துவிட்டு வர இரண்டு மணி நேரம். அதுவரை வண்டி வெயிலில் கண்ணாடி ஏற்றி நின்றது. அருப்புக்கோட்டை தாண்டி ஒரு மணிக்குப் பெட்டியைத் திறந்தால் சோறு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கெட்ட வாடை இல்லை, நூல் விடவில்லை. 'பரவால்லையே, இன்னும் சூடு இருக்குது' என்று மாமியாரே மெச்சிக்கொண்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திருச்செந்தூர் லாட்ஜில் சின்னவனும் என் கொழுந்தனாரும் மாறி மாறி வாந்தி. அன்றைக்குச் சாமி கும்பிட்டது பாதிப் பேர்தான்.

சோறா, சட்னியா, எது வேலையைக் காட்டியது என்று சத்தியம் செய்து சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக, பேக்கரிக்காரர்கள் குத்திப் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கினேன். அடுத்த மாதம் ஐஸ் பாக்ஸ். இந்த அலசலில் நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஐஸ் பாக்ஸ் பக்கம்தான்.

விலையை முதலில் முடித்துவிடலாம். இலைக்கட்டுக்குச் செலவே இல்லை, நடுவில் ஹாட் பாக்ஸ், நல்ல ஐஸ் பாக்ஸ் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வரும். இடமும் ஐஸ் பாக்ஸுக்குத்தான் அதிகம் வேண்டும். இதெல்லாம் கடைக்குப் போனாலே தெரிந்துவிடும்.

இலைக்கட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கட்டுச்சோறு என்ற பேரில் ஒரு விருந்தே வைக்கிற ஊர் நம்முடையது. புளி, நல்லெண்ணெய், உப்பு மூன்றும் சேர்ந்தால் கிருமி எளிதில் பெருகாது. அதனால்தான் புளிச்சோறு ஒரு பகல் முழுக்கத் தாங்குகிறது. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியும் ஓரளவு தாங்கும். இரண்டு விசயம் மட்டும் கவனித்தால் போதும். ஒன்று, சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே இலையில் வைக்க வேண்டும். சூட்டோடு கட்டினால் இலைக்குள் வேர்த்து, அந்த ஈரமே சோற்றை ஊச வைக்கும். இரண்டு, வாட்டிய இலைக்கு மேலே செய்தித்தாள் சுற்றுகிற பழக்கம். அச்சு மை சோற்றில் இறங்கும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வெள்ளைத் துணி போதும். இலைக்கட்டின் குறை ஒன்றுதான்: அதில் எல்லாவற்றையும் கட்ட முடியாது. தயிர், பால், சட்னி, முட்டை, நறுக்கிய மாம்பழம் எதற்கும் அது ஆகாது. பிள்ளைகள் இரண்டு வேளையும் புளிச்சோறு சாப்பிடவும் மாட்டார்கள்.

இப்போது ஹாட் பாக்ஸ். தெர்மாமீட்டர் வந்ததும் வீட்டிலேயே ஒரு நாள் சோதித்தேன். காலை ஐந்து மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கிய அரிசிம்பருப்பைப் பெட்டி நிறைய வைத்தபோது 86 டிகிரி. எட்டு மணிக்கு 67. பாதியை எடுத்துவிட்டு மூடினேன், திருச்செந்தூர் போனபோது செய்த மாதிரியே. ஒன்பதரைக்கு 55. பதினொன்றுக்கு 47. ஒரு மணிக்கு 41. கையை வைத்துப் பார்த்தால் அந்த 41-ம் வெதுவெதுப்புத்தான், இதமான சூடுதான். அதுதான் வில்லங்கமே.

சமைத்த சோறு 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். இடையில் இருப்பதெல்லாம் கிருமி பெருகுகிற சூடு. அந்த இடைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்பது கணக்கு, வெளியே 32 டிகிரிக்கு மேல் அடித்தால் ஒரு மணி நேரம்தான். சித்திரையில் அருப்புக்கோட்டைப் பக்கம் 32 எங்கே இருக்கிறது, அதெல்லாம் காலையிலேயே தாண்டிவிடும். அரிசியில் இன்னொரு வம்பும் உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அதன் வித்து சோறு கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து, வாந்தி வரவைக்கிற நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாடையும் காட்டாது. 'மோந்து பாத்தனே, நல்லாத்தான இருந்துச்சு' என்று மாமியார் அன்றைக்குச் சொன்னது உண்மைதான். மூக்கால் பிடிக்கிற சமாசாரம் இல்லை இது.

என்னை ஐஸ் பாக்ஸ் பக்கம் தள்ளியது இந்த ஒரே விசயம்தான், கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன். ஹாட் பாக்ஸ் மூடிய நிமிசத்திலிருந்தே சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். எந்த மணிக்கு 60-ஐத் தாண்டி இறங்கியது என்று வெளியே இருந்து தெரியாது. பெட்டியைத் தொட்டுப் பார்க்கிற கைக்கு 62-ம் 48-ம் ஒன்றுதான். ஐஸ் அப்படியில்லை. கரைகிற வரைக்கும் அது பூஜ்ஜியத்திலேயே நிற்கும். ஒரு கிலோ ஐஸ் கரைவதற்குள் இழுத்துக்கொள்கிற சூடு, ஒரு கிலோ தண்ணீரை 80 டிகிரியிலிருந்து 0-க்கு இறக்குவதற்குச் சமம். அதாவது அதற்குக் கையிருப்பு இருக்கிறது, ஹாட் பாக்ஸுக்கு அது கிடையாது. அதைவிட முக்கியம், மூடியைத் திறந்ததும் நடப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஐஸுக்காக நான் உறையவைத்துப் போடுகிற தண்ணீர் பாட்டிலுக்குள் கட்டி இன்னும் கடகடவென்று ஆடுகிறதா, சாப்பிடலாம். முழுக்கத் தண்ணீராகிவிட்டதா, கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். கார் மதுரையில் வெயிலில் நின்றதா, பிள்ளைகள் பத்துத் தடவை திறந்தார்களா, எல்லாவற்றுக்கும் அந்தப் பாட்டிலே சாட்சி.

இதிலும் ஏமாற இடம் உண்டு. முதல் தடவை ஐஸ் பாட்டில்களை அடியில் அடுக்கி மேலே தயிர்ச்சோற்றை வைத்தேன். மதியம் ஐஸ் பாதி இருந்தும் சோறு 11 டிகிரி காட்டியது. குளிர்ந்த காற்று கீழேதான் இறங்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது அடியில் ஒன்று, மேலே இரண்டு. அதே மதியத்துக்கு 5 டிகிரி காட்டுகிறது. அப்புறம், ஐஸ் பாக்ஸ் எதையும் குளிர வைக்காது, குளிர்ந்ததைக் காப்பாற்றும், அவ்வளவுதான். சூட்டோடு எதையும் உள்ளே வைத்தால் ஐஸ் ஒன்பது மணிக்கே காலி. எல்லாம் முந்தின இரவே ஃபிரிட்ஜில் குளிர்ந்திருக்க வேண்டும்.

ஐஸுக்குத் தனியாகக் கட்டி வாங்குவதில்லை. ஒரு லிட்டர் பாட்டில் மூன்றில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி முந்தின நாள் காலையிலேயே ஃபிரீசரில் போட்டுவிடுவேன். வாய் வரைக்கும் ஊற்றினால் உறையும்போது விரிந்து பாட்டில் வெடிக்கும். உருகினாலும் பெட்டிக்குள் சொட்டாது, சாயங்காலம் அதையே குடித்துக்கொள்ளலாம். குடிக்கிற தண்ணீரையும் மோரையும் மட்டும் இந்தப் பெட்டியில் வைப்பதே இல்லை. அதை அரை மணிக்கு ஒருதரம் திறப்பார்கள். பெட்டியை டிக்கியில் வைக்காமல் பின் சீட்டுக் காலடியில், ஏசி படுகிற இடத்தில் வைத்து, பழைய பவானி ஜமக்காளம் ஒன்றைப் போர்த்திவிடுகிறோம்.

'ஏனம்மிணி, ஐசுல வெச்ச சோத்த யாராச்சும் திம்பாங்களா?' இது மாமியார். நியாயமான கேள்விதான். ஃபிரிட்ஜில் வைத்த வெறும் சோறு அரிசி அரிசியாக விறைத்துவிடும், தொண்டையில் இறங்காது. அதனால் ஐஸ் பாக்ஸில் போகிற ஒரே சோறு தயிர்ச்சோறு. குழைய வடித்து, சூட்டிலேயே மசித்து, தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் ஆறவிடுவேன். ஆறியதும் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு பால் விட்டு, தயிர் ஒரு கரண்டி, உடனே ஃபிரிட்ஜ். விறைப்பதற்குச் சேர்த்துத்தான் அந்தப் பால். மதியம் வெயிலில் அதைச் சில்லென்று சாப்பிட்ட பிறகு மாமியார் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். சட்னி, அவித்த முட்டை, மாம்பழத் துண்டு, சின்னவனுக்குப் பால் எல்லாம் அதில்தான்.

ஹாட் பாக்ஸை விற்றுவிடவில்லை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிசம் மூடி வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு சோறு வைத்தால் முதல் மூன்று மணி நேரத்துக்கு அதை நம்பலாம். காலைச் சாப்பாடு அதில், மிச்சம் இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுவோம். குழம்பை மட்டும் அதில் கொண்டுபோகாதீர்கள். ஒரு தடவை வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறியபோது சாம்பார் மூடியைத் தாண்டி வந்து சீட்டில் குடியேறிவிட்டது. அந்த வாசம் போக ஆறு மாதம் ஆனது.

பராமரிப்பு என்று பார்த்தால் ஐஸ் பாக்ஸ் கொஞ்சம் இம்சைதான். திருச்செந்தூருக்கு இரண்டாம் முறை போய்த் திரும்பும்போது தூத்துக்குடியில் மீன் வாங்கி அதிலேயே போட்டுக்கொண்டு வந்தோம். மீன் நன்றாக வந்து சேர்ந்தது, பெட்டியைத்தான் கவிச்சி விடவில்லை. சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து, மூடியின் ரப்பரைக் கழற்றித் தேய்த்து, இரண்டு நாள் நிழலில் திறந்து வைத்த பிறகுதான் சரியானது. ரப்பருக்கு அடியில் கருப்பாகப் பூசணம் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. மூடியை மூடியே பரணில் போட்டிருந்தது என் தப்பு. இப்போது மீனுக்கென்று தனியாக ஒரு தெர்மாகோல் பெட்டி.

காரில் செருகுகிற மின்சாரக் குளிர்பெட்டியைப் பற்றியும் கேட்பீர்கள். நாத்தனார் வீட்டில் ஒன்று இருக்கிறது, விலை குறைந்த ரகம். கம்பிரசர் இல்லாத இந்த ரகம் வெளிச் சூட்டிலிருந்து சுமார் 20 டிகிரி வரைதான் இறக்கும். காருக்குள் 38 இருந்தால் பெட்டிக்குள் 18. பாட்டில் தண்ணீருக்குச் சரி, தயிர்ச்சோற்றுக்கு ஆகாது. கம்பிரசர் வைத்த பெரிய ரகம் வேறு மாதிரி என்கிறார்கள். நான் அதைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை, அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

என் அனுபவமெல்லாம் ஒரு பகல் பயணத்துக்கானது. காலை போட்ட மூன்று பாட்டில் ஐஸ் சாயங்காலம் நாலு மணி வரை தாங்குகிறது. மறுநாளுக்கும் தாங்குமா என்பது எனக்குத் தெரியாது. ஆடியில் கொல்லிமலைக்கு இரண்டு நாள் திட்டம். எழுபது வளைவு வேறு. நாமக்கல்லிலேயே ஒரு கட்டி ஐஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு ஏறலாம் என்று இருக்கிறோம்.