தொழிற்சாலை கடல் கடந்தபின் கிடைக்கும் அரச சேவை: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மதிப்பீடு

கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் பதினொரு ஆண்டுகள் தையல் இயந்திரத்தில் வேலை செய்த என் பெறாமகள், தொழிற்சாலை தன் உற்பத்தியை வேறொரு நாட்டுக்கு மாற்றிக்கொண்டதால் சென்ற ஆண்டு கோப்பாய்க்குத் திரும்பி வந்தாள். அவளுக்கு உரியவற்றைப் பெறுவதற்காக யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அவளோடு அலுவலகப் படிகள் ஏறி இறங்கியவன் என்ற முறையில், இத்தகைய தொழிலாளிக்கு அரசு வழங்கும் சேவையை இங்கே மதிப்பிடுகிறேன்.

இச்சேவையின் மிகச் சிறந்த பகுதி, வேலை போவதற்கு முன்னரே தொடங்குகிறது. அது பலருக்குத் தெரியாது என்பதே அதன் பெருங்குறை. தொழிலை முடிவுறுத்தல் தொடர்பான 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் எதுவுமின்றித் தொழிலாளியை நீக்குவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்னனுமதியோ வேண்டும். அனுமதிக்கு விண்ணப்பித்தால் வர்த்தமானியில் வெளியான சூத்திரப்படி நட்டஈடு செலுத்த நேரிடும் என்பதால், நிருவாகங்கள் பெரும்பாலும் சம்மதக் கையொப்பத்தையே நாடுகின்றன. அந்தச் சூத்திரம் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளமும், ஆறாம் ஆண்டிலிருந்து பதினான்காம் ஆண்டுவரை இரண்டு மாதச் சம்பளமும் தருகிறது. பின்னர் படிப்படியாகக் குறைகிறது. 2005இல் 12.5 இலட்சம் ரூபாவாக இருந்த உச்ச வரம்பு 2021இல் 25 இலட்சமாக உயர்த்தப்பட்டது. பதினொரு ஆண்டுகளுக்கு இருபத்து நான்கரை மாதச் சம்பளம் வருகிறது. சம்பளம் 40,000 ரூபா எனக் கொண்டால் 9,80,000 ரூபா. நிருவாகம் நீட்டிய கடிதமோ ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு ‘சுயவிருப்பில்’ விலகுவதாகச் சொன்னது, அதுவும் சிங்களத்தில் மட்டும்.

“பெரியப்பா, எல்லாரும் கையெழுத்து வைக்கினம், நானும் வைக்கட்டே?” என்று அன்றிரவு தொலைபேசியில் கேட்டாள். வைக்க வேண்டாம் என்றேன். கையொப்பமிட்டவர்கள் அவ்வாரமே காசோலையுடன் ஊர் திரும்ப, இவள் விசாரணைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தாள். காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. ஆனால் வாடகை அறையில் தங்கி, மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஒரு பெண் எத்தனை மாதம் அப்படிக் காத்திருக்க முடியும்? நல்ல சட்டமொன்றின் பயன் தாமதத்திலேயே கசிந்துபோகிறது.

பணிக்கொடையில் சிக்கல் ஏதும் இருக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் நிறைவுசெய்தவருக்கு ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். நட்டஈட்டுக்குப் புறம்பாக அது வந்து சேர்ந்தது. முதலாளி செலுத்தும் 3 சதவீதத்தில் சேரும் ஊழியர் நம்பிக்கை நிதியத்தையும் வேலையிலிருந்து விலகியதைக் காட்டிப் பெற முடிந்தது.

ஊழியர் சேமலாப நிதியில்தான் மனம் நொந்தது. தொழிலாளியின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் சேர்ந்த அவளுடைய சொந்தப் பணம் அது. பெண்ணுக்கு 50 வயது, ஆணுக்கு 55 வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டும். திருமணத்துக்காக வேலையை விடும் பெண் முன்கூட்டியே பெறலாம். ஆனால் தனியார் தொழிற்சாலை மூடப்படுவது அத்தகைய காரணங்களுள் ஒன்றன்று. ஓர் அலுவலகத்தில் படிவத்தைப் புரட்டிப் பார்த்த உத்தியோகத்தர், “கலியாணம் எழுதியாச்சோ?” என்று கேட்டார். அவர் விதியைத்தான் கேட்டார். முப்பத்திரண்டு வயதில் வேலை இழந்து நிற்பவளுக்கு அக்கேள்வி வேறுவிதமாகவே கேட்டது.

இவை அனைத்தும் முதலாளி கொடுப்பதும் தொழிலாளி சேமித்ததுமே. அரசு தன் கையிலிருந்து தரும் வேலையிழப்புக் கொடுப்பனவு இலங்கையில் இல்லை. 2023இல் தொடங்கிய ‘அஸ்வெசும’ என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவு குடும்பத்தின் வறுமை நிலையை அளந்து வழங்கப்படுவதால், நேற்று வேலை போனவருக்கு இன்று கைகொடுக்காது.

ஒப்பிடுவதற்கு அமெரிக்காவின் வர்த்தகச் சீரமைப்பு உதவித் திட்டம் உண்டு. இறக்குமதியாலோ உற்பத்தி வெளிநாடு செல்வதாலோ வேலை இழப்போருக்கென 1962இல் அது உருவாகி, 1974இல் விரிவாக்கப்பட்டது. மூன்று தொழிலாளர் சேர்ந்தாலே மனுக் கொடுக்க முடிந்தது. பயிற்சி பெறுவோருக்கு நீண்டகால வருமான உதவி இருந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர் குறைந்த சம்பளத்துக்கு மாறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வித்தியாசத்தில் பாதியை 10,000 டொலர்வரை இரண்டு ஆண்டுகளுக்கு அரசே ஈடுசெய்தது. அங்கிருந்து கிளம்பிய தையல் வேலைகள் தேடி வந்த இடங்களுள் நமது நாடும் ஒன்று என்பதை நினைத்தால் இந்த ஒப்பீடு சற்றுக் கசக்கிறது. அத்திட்டமும் 2022 ஜூலை 1 முதல் புதிய தொழிலாளர் குழுக்களுக்குச் சான்றளிப்பதை நிறுத்திவிட்டது.

இங்கே பயிற்சிப் பக்கம் ஓரளவு தேறும். முன்னனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு, பதினொரு ஆண்டு இயந்திரத்தில் இருந்தவளை மீண்டும் முதலாம் வகுப்பில் உட்கார வைக்காது. ஆயினும் அதைப் பற்றி எந்த அலுவலகமும் தானாக எங்களிடம் சொல்லவில்லை. அயலில் தொழிற்பயிற்சி முடித்த ஒரு பெடியன்தான் சொன்னான். அவள் இப்போது அதற்கு விண்ணப்பித்திருக்கிறாள்.