கம்ப்யூட்டரைச் சர்வீசுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்: மதுரையில் நான் ஏமாந்தது

உசிலம்பட்டியில் நானும் வீட்டுக்காரரும் டிடிபி சென்டர் வைத்திருக்கிறோம். பத்திரிகை அடிப்பது, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், அதோடு விசேஷ வீடுகளில் கம்ப்யூட்டர் மொய். எங்கள் பக்கம் காதுகுத்தோ கல்யாணமோ, மண்டபத்தில் மேஜை போட்டு, மொய் செய்பவரின் பெயர், ஊர், தொகை எல்லாம் அடித்துக் கையோடு ரசீது கொடுக்க வேண்டும். அதற்கு லேப்டாப்போடு வீட்டுக்காரர் போவார். ராத்திரி கடைக்கு வந்ததும் அந்த ஃபைலை மேஜைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஊர்வாரியாகப் பிரித்து, நோட்டாகப் போட்டுக் கொடுப்பது என் வேலை.

நோட்டைத் தொலைத்தவர்கள் எங்களிடம்தான் வருவார்கள். "சேடபட்டிக்காரவுக நமக்கு என்ன செஞ்சிருக்காக, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். பெரிய சொந்தபந்தம் உள்ள வீட்டுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடமிருந்து போனது 6,500 ரூபாய் மட்டும் என்றால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

2017-ல் வாங்கிய கம்ப்யூட்டர் அது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், 16 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், பில்லோடு வாங்கிய விண்டோஸ் 10. போன வருடம் புரட்டாசியில் ரொம்ப மந்தமாகிவிட்டது. ஆன் செய்துவிட்டுக் காபி போட்டுக் குடித்து வந்தால்தான் திரை வரும். அதே சமயம், விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிகிறது என்று ஒரு செய்தி வேறு திரையில் வந்துகொண்டே இருந்தது. ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்த நேரம். மதுரைக்கு எடுத்துப்போய், பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தோம். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இந்த வேலையைச் செய்வது ஒரு கடை மட்டும் இல்லை.

"அக்கா, வர்ற பதினாலாந் தேதியோட விண்டோஸ் 10 க்ளோஸ். அப்புறம் ஆன் ஆனாலும் நெட்டு வராது, பிரிண்டர் எடுக்காது. ஒரிஜினல் விண்டோஸ் 11 போட்டுத் தந்துர்றேன்" என்றார் அந்தத் தம்பி. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற வேகமான டிஸ்க்கான புது எஸ்எஸ்டி 480 ஜிபிக்கு 3,200, ஒரிஜினல் விண்டோஸ் லைசென்ஸ் கீக்கு 2,500, சர்வீஸ் 800. ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு, "பொருள் எடுக்க வரும்போது தர்றேன்" என்றார். கொடுத்தது ஒரு எஸ்டிமேட் துண்டுச்சீட்டு. அதில் என் பெயரும் தொகையும் மட்டும் இருந்தன. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அவரும் எழுதவில்லை, நானும் எழுதச் சொல்லவில்லை.

அவர் சொன்னது பொய் என்பதை இப்போது தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10 நின்றுபோகவில்லை. நெட் வரும், பிரிண்டர் ஓடும். மாதாமாதம் வருகிற பாதுகாப்பு அப்டேட் மட்டும் நின்றது. அதுவும் கூடுதல் ஆதரவுத் திட்டத்தில் சேர்ந்தால் வீட்டு உபயோகக் கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்தால் காசுகூட வேண்டாம். அப்டேட் பக்கத்திலேயே அதில் சேர்வதற்கான இணைப்பு இருக்கிறது.

விண்டோஸ் 11-ம் அப்படித்தான். தகுதியுள்ள கம்ப்யூட்டர் என்றால் 10-லிருந்து 11-க்கு மாறுவது இலவசம். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். என் ஆறாம் தலைமுறை மெஷினுக்கு அந்தத் தகுதியே கிடையாது. சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. ஆக, எப்படிப் பார்த்தாலும் அந்த 2,500 ரூபாய்க்கு வேலையே இல்லை.

மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்து ஆன் செய்தோம். சட்டென்று வந்தது. எஸ்எஸ்டி போட்டால் வேகம் வரும், அது நிஜம். சந்தோஷமாக ஒரு பத்திரிகையைத் திறந்தேன். மணமகன், மணமகள் பெயர் இருந்த இடமெல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. பழைய தமிழ் ஃபான்ட் எதுவும் இல்லை. சரி, ஃபான்ட்தானே, தேடி ஏற்றிக்கொள்ளலாம் என்று டி டிரைவைத் தேடினேன். டி டிரைவே இல்லை. மொய் ஃபோல்டர் அதில்தான் இருந்தது. டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் இருந்ததை மட்டும் காப்பி செய்திருக்கிறார்கள்.

போன் போட்டேன். "பழைய ஹார்ட் டிஸ்க் பேட் செக்டார் ஆயிருச்சுக்கா, எக்ஸ்சேஞ்சுல போயிருச்சு." டிஸ்க் பழுதாகிவிட்டது என்கிறார். யாரைக் கேட்டு எக்ஸ்சேஞ்சில் போட்டீர்கள் என்றால் பதில் இல்லை. எங்கள் கடைக்கு வந்தவர்களின் ஆதார் ஸ்கேன், குடும்ப அட்டை, சான்றிதழ் எல்லாம் அந்த டிஸ்க்கில் இருந்தன. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

மறுநாள் அக்கா மகன் வந்தான். கம்ப்யூட்டர் படிக்கிற பையன். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். பக்கத்திலிருந்து நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், உங்கள் கம்ப்யூட்டரிலும் இதே வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்தினான். வந்த சிறு பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு ஸ்லாஷும் எக்ஸ்பிஆர் என்ற மூன்று எழுத்தும் போட்டு என்டர் தட்டினான். நிரந்தர லைசென்ஸ் என்றால் நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வர வேண்டும். எனக்கு ஒரு தேதி வந்தது, ஏறக்குறைய 180 நாள் தள்ளி. "சித்தி, இது கேஎம்எஸ்" என்றான். நூற்றுக்கணக்கில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கம்பெனிகள் மொத்தமாக லைசென்ஸ் வாங்கித் தங்கள் சர்வர் மூலம் ஆக்டிவேட் செய்துகொள்ளும் முறை அது. 180 நாளுக்குள் மறுபடி அந்த சர்வரைத் தொட வேண்டும். நம் கம்ப்யூட்டருக்குள் போலியாக ஒரு சர்வரை வைத்து அதே மாதிரி ஏமாற்றுகிற மென்பொருள் ஊரெல்லாம் கிடைக்கிறது. எனக்கு ஒரிஜினல் என்று விற்றது அதைத்தான்.

அதைவிட மோசமானது அடுத்து வந்தது. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புக்கான செட்டிங்ஸுக்குள் போனால், எக்ஸ்குளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். எதையெல்லாம் சோதிக்க வேண்டாம் என்று நாம் சொல்லியிருக்கிறோமோ அது அதில் இருக்கும். என்னுடையதில் சி டிரைவ் முழுவதும் இருந்தது. அந்தப் போலி மென்பொருளை, விண்டோஸோடு வருகிற வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் பிடித்து அழித்துவிடும் என்பதற்காக, காவல்காரனையே கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரில்தான் நான் நெட் பேங்கிங் செய்கிறேன். தயவுசெய்து இந்த ஒரு இடத்தையாவது இன்றைக்கே திறந்து பாருங்கள்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் நிரம்பியிருந்தது, 8 ஜிபி. 2017 பில்லில் எட்டு எட்டாக இரண்டு என்று தெளிவாக இருக்கிறது. இப்போது ராம் விலை ஏறிக் கிடக்கிற கிடையில், எடுத்தவர்களுக்கு நல்ல காசு.

கடைசியாக கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டான். டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை அது காட்டும். என் புது எஸ்எஸ்டி 11,240 மணி நேரம் ஓடியிருந்தது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால் மூன்று வருடம் யாரிடமோ உழைத்த பொருள்.

மூவரும் நேரில் போனோம். ராம் பற்றிக் கேட்டதும், "நீங்க கொடுத்தப்பவே எட்டுதான்கா இருந்துச்சு" என்றார். என்னிடம் ஆதாரம் இல்லை. கொடுக்கும்போது இருந்தது என்று காட்ட 2017 பில் போதாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதே பில்லில் ஹார்ட் டிஸ்க்கின் சீரியல் நம்பரும் இருந்தது. ஷெல்ஃபில் அடுக்கியிருந்த டிஸ்க்குகளை அக்கா மகன் ஒவ்வொன்றாகப் பார்த்து, எங்களுடையதை எடுத்துவிட்டான். மேலே வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கரில் '1 டிபி ஓகே' என்று எழுதியிருந்தது. பேட் செக்டார் என்று என்னிடம் சொன்ன டிஸ்க், இன்னொருவருக்கு விற்பதற்காக ஓகே ஆகிக் காத்திருந்தது. ஸ்டிக்கரோடு அதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அங்கேயே நின்று போன் செய்யப்போகிறேன் என்றதும் டிஸ்க்கையும் 2,500-ஐயும் திருப்பிக் கொடுத்தார். ராமுக்கும் பழைய எஸ்எஸ்டிக்கும் அசையவில்லை. அதற்குப் புகார் பதிந்திருக்கிறேன்.

அது தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போவோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடைக்கு வாங்கினால் நுகர்வோர் ஆக மாட்டோமே என்று என் வீட்டுக்காரர் தயங்கினார். சுயதொழிலாக, பிழைப்புக்காகப் பயன்படுத்துகிறவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே எடுத்துக்கொள்கிறது. சின்னக் கடை வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

டிஸ்க்கை ஃபார்மட் செய்திருந்தார்கள். குவிக் ஃபார்மட் என்பதால் பிழைத்தோம். அதில் பட்டியல்தான் அழியும், உள்ளிருப்பது மேலே வேறு ஏதாவது எழுதும் வரை அப்படியே இருக்கும். முழு ஃபார்மட் செய்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதனால், ஃபைல் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் அந்த டிஸ்க்கில் எதையும் ஏற்றாமல் கழற்றிவிடுங்கள். வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, கிடைப்பதை வேறொரு டிஸ்க்கில் இறக்கினோம். ராத்திரி போட்டது காலை வரை ஓடியது.

ஃபைல்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீள நம்பருமாக ஆயிரக்கணக்கில் குவிந்தன. 2021 வரைக்கும் பென் டிரைவில் நகல் இருந்தது. அதற்குப் பிந்திய மொய் எக்செல்களைத் திறந்து திறந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றைத் திறந்தால் கருமாத்தூர் காதணி விழா, தாய்மாமன் சீரோடு முதல் வரி. அடுத்ததைத் திறந்தால் யாரோ ஒருவரின் கரண்ட் பில். இப்படியே ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் கடை அடைத்த பிறகு உட்கார்ந்து பெயர் வைத்தேன்.

மேஜைக் கம்ப்யூட்டரில் மறுபடி விண்டோஸ் 10-ஐயே ஏற்றிவிட்டோம். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே அதற்கான டூல் இருக்கிறது, 8 ஜிபி பென் டிரைவ் போதும். லைசென்ஸ் மதர்போர்டோடு பதிவாகியிருப்பதால் கீ எதுவும் கேட்காமல் தானாகவே ஆக்டிவேட் ஆனது. உங்கள் கம்ப்யூட்டரும் லைசென்ஸோடு வாங்கியது என்றால், ஃபார்மட் செய்யும்போதெல்லாம் கீக்குக் காசு கேட்பவரை நம்ப வேண்டாம். பத்திரிகை வடிவமைக்கிற கோரல் டிராவும் பழைய ஃபான்ட்களும் இருப்பதால் எனக்கு அதில் விண்டோஸ்தான் வேண்டும். ஜெராக்ஸ் மேஜையில் இருக்கிற இன்னொரு பழைய மெஷினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டிருக்கிறோம். விண்ணப்பம் நிரப்ப, பிடிஎஃப் எடுக்க, தமிழ்99 கீபோர்டு முறையில் டைப் செய்ய எல்லாவற்றுக்கும் சரியாக இருக்கிறது. எங்கள் பிரிண்டரும் எடுத்தது, ஸ்கேனருக்கு மட்டும் ஒரு சாயங்காலம் மெனக்கெட வேண்டியிருந்தது. வெறும் பிரவுசரும் பிரிண்டும் மட்டும் போதும் என்றால் தகுதியில்லாத மெஷினில் 11-ஐத் திணிப்பதைவிட இது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இனிமேல் எந்தக் கடையில் கொடுத்தாலும், மூடியைக் கழற்றி ராமையும் டிஸ்க்கையும் சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுப்பேன். அதைக் கடைக்காரர் முன்னாலேயே ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குவேன். விண்டோஸ் வேலை மட்டும் என்றால் டேட்டா இருக்கிற டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவேன். கழற்றிய பழைய பொருள் எனக்குத் திரும்ப வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். நேர்மையான கடைக்காரர் எவரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். இப்போது பேட்டரி மாற்றப் போகிற கடையில் அவரே போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்.

மொய் ஃபைல்களில் நான்கு கிடைக்கவே இல்லை. மூன்று வீட்டில் நோட்டு பத்திரமாக இருந்தது, வாங்கி மறுபடி அடித்துவிட்டேன். நான்காவது எழுமலை பக்கம் ஒரு வீடு. மழையில் நோட்டு நனைந்துவிட்டது என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய், எழுத்துத் தெரிகிற பக்கங்களையாவது போட்டோ எடுத்துவர வேண்டும்.